அம்மாவின் அழுகையை எடுத்துக்கொண்ட அப்பாவுக்கு

ஊரையெல்லாம் அழவைத்துவிட்டு உறங்கப் போன என் அன்பு அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கத்தான் முதலில் கை போகிறது. செத்தவரிடம் நலம் விசாரிக்கிற கிறுக்கு எனக்கு எங்கிருந்து வந்ததோ. நீங்களும் சாதாரண ஆளில்லையே. டெலிநாடகத்தில் ஒரு வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாவீர்கள், மறுவாரம் வேறு சாரம் கட்டிக்கொண்டு வேறொரு பங்களாவில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பீர்கள். அதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்தான்.

இங்கே பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மஸ்கெலியா பஸ் இன்னும் அதே வளைவில்தான் மூச்சு வாங்குகிறது. நம் லயத்து வீடுகளுக்குத் திரும்புகிற சந்தியில் உங்கள் படத்தைப் பெரிய பேனராக அடித்துக் கட்டியிருக்கிறார்கள். ‘எங்கள் மண்ணின் மகா கலைஞன்’ என்று போட்டிருக்கிறது. மழையில் ஒரு பக்கக் கயிறு அறுந்து, நீங்கள் பாதி மடிந்து தொங்குகிறீர்கள். அந்தக் கம்பத்தில் இப்போது ஆடு கட்டுகிறார்கள்.

ஆனால் இதையெல்லாம் சொல்லவா எழுதுகிறேன்? அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் சாவு வீட்டில் அம்மா அழவில்லை. ஊரே பார்த்தது, ஊரே பேசுகிறது. எனக்கு யாரோடும் நேரில் சண்டை போடத் தெம்பில்லை, அதனால் உங்களுக்கு எழுதி ஊரைப் படிக்கவிடுகிறேன்.

கொழும்பிலிருந்து உங்களை வேனில் கொண்டுவந்து இறக்கியபோது காலை பத்து மணி இருக்கும். தேயிலைத் தோட்டத்தின் மூன்று டிவிசன் சனமும் வந்து நின்றது. டிவிக்காரர்கள் இரண்டு கேமராவோடு கோழிக்கூட்டின் மேல் ஏறி நின்றார்கள். பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து அம்மாவுக்கு இடம் விட்டார்கள். புருசன் செத்தால் பெண்டாட்டிதான் ஒப்பாரியைத் தொடங்கவேண்டும், மற்றவர்கள் பிறகுதான் சேர்ந்துகொள்வார்கள். அம்மா உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து, ‘ஏ ராசா’ என்று ஒரு இழுப்பு இழுத்தாள்.

பின்னால் நின்ற ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி போல, யாரென்று எனக்குத் தெரியவில்லை.

“அடியே பாத்தியா, அப்புடியே அவரு நடிக்கிற மாதிரியே அழுவுறாங்கடி!”

மெதுவாகத்தான் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவுமில்லை, பாவம், ஆச்சரியத்தில் சொன்னாள். உடனே நாலைந்து போன் மேலே எழும்பியது. அம்மா திறந்த வாயை மூடினாள். மூடினவள் உங்களைத் தூக்கிப் போகும்வரை திறக்கவே இல்லை.

உங்களோடு இருபது வருஷமாக மேடை ஏறின குணம் சித்தப்பா வந்து அம்மாவின் தோளைத் தொட்டுக் கெஞ்சினார். “அண்ணி, அடக்கி வைக்காதீங்க, நெஞ்சு வெடிச்சிரும். அழுதுருங்க அண்ணி.”

“நீங்க அழுவுங்க தம்பி,” என்றாள் அம்மா. “எனக்கு வரல.”

அன்று சாயங்காலமே தண்ணி பிடிக்கிற பீலியடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கட்டின புருசன் கிடக்கிறான், கண்ணில் ஒரு சொட்டு இல்லை, கல்லு நெஞ்சுக்காரி. கொழும்பில் அவருக்கு வேறு யாரோ இருந்திருக்கவேண்டும், அதுதான் இவளுக்கு வன்மம். இப்படி ஆளுக்கொரு கதை. கொழும்பில் உங்களுக்கு யாராவது இருந்திருந்தால்கூட அம்மா அழுதிருப்பாள் அப்பா. அது மற்ற பொம்பளைகளுக்கும் நடக்கிறதுதானே.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரியாதவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டினவர் நீங்கள். சிவன் எரித்து மன்மதன் சாம்பலானதும் ரதி மண்ணில் புரண்டு அழவேண்டும். நீங்கள் அழுகிற அழுகைக்குத் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவின் பொண்டாட்டிகூட மூக்கைச் சிந்துவாளாம். மேற்பிரிவிலிருந்து கூத்துப் பார்க்க வந்த பாக்கியம் என்கிற குமரி அதைப் பார்த்துத்தான் மயங்கினாள். அம்மாவே சொல்லியிருக்கிறாள்: “அழுவுற ஆம்பளைய அன்னைக்குத்தான் மொதமொதப் பாத்தேன். இவரக் கட்டுனா நம்மள அழவுட மாட்டாருன்னு நெனச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

என் தம்பிக்கு அப்போது நாலு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல். அன்று உங்களுக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை இல்லை, நீங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அம்மாவை மலைக்கு அனுப்பினீர்கள். மத்தியானம் அவனுக்கு இழுப்பு வந்தது. தோட்டத்து லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. அப்படியே திருப்பிக் கொண்டுவந்தீர்கள். அதில் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

அம்மா மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டு அங்கிருந்து ஓடிவந்தாள். இடுப்பில் கட்டின படங்குச் சாக்கோடு, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு வந்தாள். அவளோடு நிரையில் நின்ற சரோஜாக்கா தன் கூடையையும் அம்மாவின் கூடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தது. அம்மா எங்கள் காம்பரா வீட்டு வாசலில் உட்கார்ந்தாள், பிள்ளையை மடியில் போட்டாள். அழ ஆரம்பித்தாள். அழுதழுது வலது கையைத் தூக்கித் தூக்கித் தலையிலிருந்து எதையோ பின்னால் தள்ளினாள். தள்ளுவாள், கை மடிக்கு வரும், திரும்பவும் மேலே போகும்.

நீங்கள் கதவுநிலையில் சாய்ந்து நின்றீர்கள். உங்கள் கண்ணில் ஈரமில்லை. எனக்கு ஒன்பது வயது, அப்பா பயந்துபோய் நிற்கிறார் என்று நினைத்தேன். ஓடிவந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் பார்த்தேன். தொடையோடு ஒட்டிக் கிடந்த உங்கள் வலது கை அசைந்துகொண்டிருந்தது. அம்மாவின் கை மேலே போகிறபோது உங்கள் விரல்களும் மேலே போயின. அவளுடையது மடிக்கு வந்தபோது உங்களுடையதும் கீழே வந்தது.

அது என்னவென்று எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன், உங்கள் கையைக் கடித்திருப்பேனோ?

வருஷம் திரும்புவதற்குள் ஹட்டனில் உங்கள் தனியாள் நாடகம். அதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மா மலைக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் காணவில்லை. கொடியில் தேடினாள், பெட்டியில் தேடினாள், பக்கத்துக் காம்பராக்காரியை ஜாடையாகக் கேட்டு அவளோடு பேச்சுவார்த்தையும் அறுந்தது. நீங்கள் ஒன்றும் தெரியாதவர் மாதிரி வெற்றிலை மென்றுகொண்டிருந்தீர்கள். நாடகத்தன்று அம்மாவுக்குப் புதுச் சேலை வாங்கி வந்தீர்கள். “வந்து பாரு புள்ள, ஒனக்காகத்தான் போடுறேன்,” என்றீர்கள்.

முன்வரிசையில் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்தீர்கள். திரை விலகியது. மேடையில் அம்மாவின் பச்சைச் சேலை. மடியில் ஒரு துணிச்சுருள். ‘ஏ ராசா’ என்று அதே இழுப்பு. அவள் தம்பியைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தைகள், ஒன்று விடாமல், அவளுக்கு மூச்சு முட்டின இடத்தில் உங்களுக்கும் மூச்சு முட்டியது. பிறகு அந்தக் கை. நெற்றிக்குப் போனது, எதையோ வழித்துத் தள்ளியது, மடிக்கு வந்தது, திரும்பவும் போனது.

சபை தேம்பித் தேம்பி அழுதது. எனக்குப் பின்னால் ஒரு சிங்கள அம்மணி, ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவள், வாயில் லேஞ்சித் துணியை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அம்மா மட்டும் நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் கை இரண்டையும் புதுச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அதை நான்தான் பார்த்தேன்.

முடிந்ததும் மேடையிலிருந்து கை காட்டி, “என் சம்சாரம்!” என்றீர்கள். சபை எழுந்து நின்று தட்டியது. அம்மாவும் எழுந்து கும்பிட்டாள், வேறென்ன செய்வாள்?

பஸ்ஸில் வரும்போது கேட்டீர்கள். “எப்புடி புள்ள இருந்திச்சி?”

“நல்லாத்தான் அழுவுறீங்க,” என்றாள்.

அதை நீங்கள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டீர்கள். பிறகு எத்தனை பேட்டியில் சொன்னீர்கள்! எனக்குக் கிடைத்த முதல் விருது என் மனைவியின் அந்த ஒரு வார்த்தைதான் என்று. ஒவ்வொரு தடவையும் அம்மா ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து போவாள். உண்மையாகவே உங்களுக்கு விளங்கவில்லையா அப்பா, இல்லை விளங்காத மாதிரி நடித்தீர்களா? அதை நடிகனைப் பெற்றவரிடமும் கேட்க முடியாது, கட்டினவளிடமும் கேட்க முடியாது. நடிகனிடம் கேட்டால் அதைவிட மோசம்.

அந்த நாடகம் உங்களைத் தூக்கிவிட்டது. யாழ்ப்பாணம் போனது, மட்டக்களப்பு போனது, கொழும்பில் மாதக்கணக்கில் ஓடியது. பார்க்க வந்த சிங்கள இயக்குநர் ஒருவர் உங்களைப் படத்துக்குக் கூப்பிட்டார். தோட்டமே வந்து வழியனுப்பியது. படம் ஹட்டனுக்கு வந்தபோது லொறி பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். பெட்டி தூக்கினீர்கள், கதவு திறந்தீர்கள், “ஹரி மாத்தயா”, சரி ஐயா, என்றீர்கள், செத்தீர்கள். அதற்குப் பிறகு இருபது வருஷம் அதேதான். டெலிநாடகத்தில் வேலைக்காரன், தோட்டக்காரன், குடிகாரக் கங்காணி. நடுவில் கிடைத்த நாளெல்லாம் அந்தத் தனியாள் நாடகம். உங்கள் சிங்களம் எவ்வளவு சுத்தம் என்று எனக்குத் தெரியும், ஆனால் அங்கே போனால் உடைத்து உடைத்துத்தான் பேசவேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குச் சிரிப்பு வராது.

அந்தக் காலத்தில் ஒருதரம் கொழும்புக்கு வந்து உங்களோடு சண்டை போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? டீச்சர் வேலை கிடைத்த புதிது. பெரிய மாமா செத்த வீட்டில் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். கூடப்பிறந்த அண்ணன் கிடக்கிறார், அம்மா வட்டத்தில் உட்கார்ந்து தொடங்கினாள், எதிரே இருந்த குமரிகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். அம்மா இருமுவது மாதிரி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தேன். கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அன்றைக்கே அந்த அழுகை அவளிடமிருந்து போய்விட்டது.

நீங்கள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலைக்கு மை பூசிக்கொண்டிருந்தீர்கள். “அம்மாக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாப்பா?” என்றேன்.

“என்னத்த கேக்க?”

“அது அவங்க அழுகைப்பா. அவங்க புள்ளைக்கு அழுதது.”

“எனக்கும் புள்ளதான்,” என்றீர்கள்.

“அப்ப நீங்க அழுதீங்களா? சும்மா, ஆளில்லாம, தம்பிக்காக ஒருக்காவாச்சும்?”

மை பூசுகிற கை நின்றது. “தெனமும் அழுவுறேனே மகளே, மேடையில,” என்றீர்கள். திரும்பவும் மையைத் தொட்டுக்கொண்டு, “மத்த எல்லா எடத்துலயும் நான் வேலக்காரன். ஹரி மாத்தயா, ஹரி நோனா. அந்த அரமணித்தியாலந்தான் நான் மனுசன். அதயும் வுட்டுரச் சொல்றியா?” என்று கேட்டீர்கள்.

அது உண்மையா வசனமா என்றே தெரியாமல்தான் பஸ் ஏறினேன். உங்கள் காதோரம் வழிந்த கறுப்பு மையை என் லேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் வந்தேன், அதையும் சொல்லவேண்டும்.

பிறகு டிவியில் அந்தக் காட்சியை ஒளிபரப்பினார்கள், போனுக்குள் வந்தது, போதாததற்கு டிக்டொக்கிலும் வந்தது. அதற்குக் கீழே எவனோ ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். என் வகுப்பிலேயே, கணக்குச் சோதனையில் புள்ளி குறைந்தால் பிள்ளைகள் ‘ஏ ராசா’ என்று இழுத்து நெற்றியில் கையை வழிப்பார்கள், வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு பொடிச்சி ஓடிவந்து, “டீச்சர், இது ஒங்க அப்பாதானே!” என்று பெருமையாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த அழுகை வேறு யாருடையது என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

இப்போது போன மாதத்துக் கதைக்கு வருகிறேன். நீங்கள் இருந்திருந்தால் அன்று நன்றாக மாட்டியிருப்பீர்கள்.

ஹட்டனில் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம். குணம் சித்தப்பாதான் முன்னின்று செய்தார், ஓடியோடி உழைத்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா வரமாட்டேன் என்றாள். “வராட்டி இன்னும் என்னென்ன சொல்லுவாங்களோ அண்ணி,” என்று அவர் கெஞ்சினார். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் கிளம்பினாள். நம் தோட்டத்துப் பொம்பளைகள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு பஸ் நிறைய வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். சரோஜாக்காவும் வந்தது.

பெரிய திரையில் அந்தக் காட்சியைப் போட்டார்கள். உங்கள் முகம் சுவர் அளவுக்கு இருந்தது. அம்மாவை மேடையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்ததால், திரைக்குப் பக்கத்தில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். சபையில் பாதிப்பேர் திரையைப் பார்த்தார்கள், மீதிப்பேர் அம்மா அழுகிறாளா என்று பார்த்தார்கள்.

பிறகு கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் பேசினார். நன்றாகப் பேசுகிறவர்தான். அந்தக் கையைப் பற்றியே கால்மணி நேரம் பேசினார். “அந்தத் தாய் எதைத் தள்ளுகிறாள்? நெற்றியில் எழுதிய தலையெழுத்தைத் தள்ளுகிறாள்! தலைமுறை தலைமுறையாக இந்த மக்களின் நெற்றியில் எழுதப்பட்ட விதியை வழித்து எறிகிறாள்!” என்றார். கைத்தட்டல் நிற்கவே இல்லை. நீங்களும் பேட்டிகளில் அப்படித்தான் சொன்னீர்கள், உங்களிடமிருந்துதான் அவர் எடுத்திருக்கவேண்டும்.

அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சும்மா இல்லாமல், “அம்மா இரண்டு வார்த்தை பேசுவார்” என்று குணம் சித்தப்பா மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார். அம்மா மைக்கைப் பார்க்கவில்லை, பேராசிரியரைப் பார்த்தாள்.

“அது தலையெழுத்து இல்லீங்க சார். கூடைக்கயிறு.”

சபைக்கு விளங்கவில்லை. பேராசிரியர் சிரித்துக்கொண்டே, “எப்படி அம்மா?” என்றார்.

“கொழுந்துக் கூடைக்குக் கயிறு இருக்குல்லீங்களா, தலைல மாட்டுறது. அன்னைக்கி மலையிலயே கூடைய எறக்கிப் போட்டுட்டுத்தான் ஓடியாந்தேன். ஆனா கயிறு தலைலயே கெடக்குற மாதிரி இருந்திச்சி. புள்ளைய மடியில போட்டுக் குனியிறேன், பின்னுக்குக் கூடை இழுக்குற மாதிரியே இருக்கு. அதத்தான் தள்ளித் தள்ளி வுட்டேன். நெத்தியில இல்ல, இங்க.” உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள். “அவரு நெத்தியில வச்சிக்கிட்டாரு. அவருக்குத் தெரியாது. அவரு ஒரு நாளும் கூடை மாட்டுனதில்ல. எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அவ்வளவுதான் பேசினாள்.

கைத்தட்டினார்கள் அப்பா. எழுந்து நின்று தட்டினார்கள்! குணம் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன ஒரு வசனம் அண்ணி!” என்றார். பேராசிரியர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். இரண்டு பேர் போனில் எடுத்தது அம்மா மேடையிலிருந்து இறங்குவதற்குள் சுற்றத் தொடங்கிவிட்டது.

பின்வரிசையில் மட்டும் யாரும் தட்டவில்லை. வெளியே வந்ததும் சரோஜாக்காவைப் பிடித்து, “ஒங்களுக்குத் தெரியுமாக்கா?” என்று கேட்டேன்.

“மொத நாடகம் பாத்தன்னைக்கே தெரியும் டீச்சர். எங்க எல்லாத்துக்குந்தான் தெரியும். வூட்டுக்கு வந்தப்புறமும் கயிறு இருக்க மாதிரிதானே இருக்கும், கை தானா போவும். அவரு எடத்த மாத்திப்புட்டாருன்னு அன்னைக்கே பேசிக்கிட்டோம்.”

“ஏன் அப்பாட்ட சொல்லல?”

“பெரிய நடிகரு. சொன்னா மனசு நோவும்ல,” என்றது சரோஜாக்கா.

இத்தனை வருஷம் நீங்கள் தப்பாக அழுததை நம் தோட்டத்துப் பொம்பளைகள் அத்தனை பேரும் பார்த்துவிட்டு, உங்கள் மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாடு முழுக்கத் தட்டிய கைத்தட்டலை வாங்கி வைத்தீர்களே, அதோடு இதையும் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கும்தானே தெரியவில்லை? அதே வாசலில் நின்று, அதே கையைப் பார்த்தவள்தான் நானும். அம்மா என்னைப் படிக்கவைத்து டீச்சராக்கினாள், அந்தக் கயிறு என் தலையில் ஒரு நாளும் ஏறவிடவில்லை. அம்மா எதையோ தள்ளுகிறாள் என்றேன், அது என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உங்களைப் போலத்தான் நானும், என்ன, எனக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

அந்தக் கூட்டம் முடிந்து சில நாளில் அம்மா அழுதாள்.

ஆமாம் அப்பா, அழுதாள். நான் மட்டும்தான் இருந்தேன். கேட்டதும் உங்களுக்கு அங்கே காது நிமிர்ந்திருக்கும், தெரியும். எனக்கும் அன்றைக்குக் கை துறுதுறுத்தது. இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கமாக அதைத்தான் எழுதியிருந்தேன். எங்கே உட்கார்ந்தாள், எந்த வார்த்தையில் தொடங்கினாள், எங்கே குரல் போனது, எல்லாவற்றையும் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நீங்கள் படித்தால் பொறாமைப்பட்டிருப்பீர்கள்.

பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால், உங்களைப் போல் இல்லாமல், அம்மாவிடம் கேட்டுவிட வேண்டும் என்று நேற்று மத்தியானம் முழுக்க வாசித்துக் காட்டினேன். போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பச்சைச் சேலை காணாமல் போன இடத்தில் சிரித்தாள். நீங்கள் மை பூசிக்கொண்டு பேசின இடத்தில், “பாவம்,” என்றாள். கடைசிப் பக்கம் வந்தபோது கத்தியைக் கீழே வைத்தாள்.

“மத்ததெல்லாம் போடு,” என்றாள். “கல்லு நெஞ்சுக்காரின்னு சொன்னவளுக படிக்கட்டும். இது வேணாம்.”

“நல்லா வந்திருக்கும்மா,” என்றேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் சொன்னேன்.

“அவரு ஒண்ண எடுத்துக்கிட்டாரு. இதயும் நீ எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்னாடி இருக்கு?”

அந்தப் பக்கத்தை அவள் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டேன். நகல் எடுத்து வைத்திருப்பேனோ என்று சந்தேகமாகப் பார்த்தாள். இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிய பிறகுதான் கத்தியை எடுத்தாள். உங்களோடு குடித்தனம் பண்ணினவள், பெற்ற மகளையும் நம்பவில்லை.

அதனால் உங்களுக்கும் ஒரு சத்தியம் பண்ணித் தருகிறேன் அப்பா. எந்தக் கிழமை, எந்த இடம், கை எங்கே போனது, ஒன்றையும் எழுத மாட்டேன், யார் கேட்டாலும் செய்து காட்ட மாட்டேன். தம்பிக்காக அழுதாளா, உங்களுக்காக அழுதாளா, உங்கள் பெயர் ஒருதரமாவது அவள் வாயில் வந்ததா என்று தெரிந்துகொள்ள நீங்கள் தவிப்பீர்கள். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு பாசமிருந்தாலும் அதைச் சொல்லவே மாட்டேன். நான் அங்கே வந்து சேர்ந்த பிறகும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
அம்மாவோடு இருக்கிற,
உங்களுக்கும் மகளான
உங்கள் மூத்தவள்.